சக்கரக் குழியிலிருந்து ஓர் அழைப்பு

அந்த விமானத்தை ஓட்ட மாட்டேன் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனாலும் இத்தனை மாதங்களாக எப்படியோ தப்பித்துக்கொண்டே வந்தாள். ஒரு தரம் ஜலதோஷம், ஒரு தரம் தோழியிடம் கெஞ்சி மாற்றிக்கொண்ட முறை, இன்னொரு தரம் பச்சைப் பொய். அன்றைக்குப் பொய் சொல்லக்கூட அவகாசமில்லை. வர வேண்டிய கோ-பைலட் மாடிப்படியில் காலைச் சுளுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று அலுவலகத்திலிருந்து போன் வந்தது. சீருடையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். எந்த விமானம் என்று கேட்கத் தோன்றவில்லை. வேன் தளத்தின் கடைசி மூலைக்குத் திரும்பியபோதுதான் அது எந்த விமானம் என்று தெரிந்தது.

மழை சற்று ஓய்ந்திருந்த மாலை. பொழுது இன்னும் முழுதாகச் சாயவில்லை. ஈரத் தரையில் அந்தப் பழைய விமானம் தன் நிழல் மேலேயே நின்றுகொண்டிருந்தது. வயிற்றுக்கு அடியில், பறக்கும்போது வலப்பக்கச் சக்கரம் மடங்கி அடங்கும் குழியின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு. மசகெண்ணெய் வாசனை படிக்கட்டு வரைக்கும் வந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல், பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினாள். பையின் கைப்பிடியில் முடிந்திருந்த சிவப்பு ரிப்பன் காற்றில் படபடத்தது.

"வா ம்மா, வா. உன்னப் பாத்து எவ்வளவு நாளாச்சு! இந்தக் கிழவி மேல உனக்கு அப்படி என்ன கோவம்?" என்றார் கேப்டன். கிழவி என்றது விமானத்தை. ஓய்வு பெறும் வயதை எட்டிய மனிதர் அவர். வாயைத் திறந்தால் கிண்டல்தான் வரும். கேட்டு முடித்த பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. "மறந்தே போயிட்டேன் ம்மா. மன்னிச்சுக்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் மறந்தது அவளுடைய தம்பியை.

விமான மெக்கானிக்காக இருந்த அவனுக்கு வீட்டில் பெயர் குட்டி. வாசல் நிலையில் தலை இடிக்கும் அளவுக்கு வளர்ந்த பிறகும் குட்டிதான். அக்கா விமானம் ஓட்டுவாள், தம்பி அதன் சக்கரத்தைத் துடைப்பான் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். "நான் கால் குடுத்தாத்தான் அவ பறக்க முடியும்" என்பான்.

அவள் பையில் முடிந்திருந்த அந்தச் சிவப்பு ரிப்பனின் விவகாரம் வெளியாட்களுக்குத் தெரிந்திருக்காது. விமானம் தரையில் நிற்கும்போது சக்கரக் கால் மடங்கிவிடக் கூடாது, குழியின் கதவு தானாக மூடிவிடக் கூடாது என்று அந்தந்த இடத்தில் முளை போல ஓர் இரும்புப் பின்னைச் செருகிவைப்பார்கள். மறந்துவிடாமல் இருக்க அதன் வாலில் முழ நீளத்துக்குச் சிவப்பு ரிப்பன் இருக்கும். கிளம்பும் முன் அத்தனையையும் உருவி, விமானத்தின் மூக்குக்கு எதிரே வந்து நின்று, கையை உயர்த்தி விமானிக்குக் காட்ட வேண்டும். விமானி எண்ணிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவார். ரிப்பனைப் பார்க்காதவரை சக்கரத்தையும் கதவையும் இயக்கும் லீவரில் கைவைக்கக் கூடாது. குழிக்குள் ஆள் இறங்கி வேலை செய்தாலும் இதே சட்டம்தான். செருகியவனேதான் உருவ வேண்டும். உருவியவனேதான் காட்ட வேண்டும்.

குட்டி தன் கடைசி நாளன்று இதே விமானத்தின் குழிக்குள் வேலையை முடித்து, பின்னை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். உள்ளே விட்டுவிட்டு வந்த டார்ச்சு நினைவுக்கு வர, அதை எடுக்க மறுபடியும் உள்ளே போனான். விமானம் தாமதமாகிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் குட்டியைத் தேடிப் பார்த்தார், காணவில்லை. டீ குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்து, கருவிப் பெட்டியில் உபரியாகக் கிடந்த ஒரு பின்னை எடுத்து மேலே காட்டிவிட்டார். மேலே இருந்த விமானி எண்ணினார். கணக்கு சரியாக இருந்தது. கட்டைவிரல் உயர்ந்தது. கதவு மூடியது.

அவன் சட்டைப்பையில் இருந்த பின்தான் இப்போது அவள் பையில் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டில் அது கண்ணில் பட்டால் அம்மா தாங்க மாட்டாள் என்று எடுத்து வந்து முடிந்துகொண்டாள். அம்மா தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். "அவனுக்கு வலிச்சிருக்குமாடி?" அவளும் தினமும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "ஒரே நொடிம்மா. தெரிஞ்சே இருக்காது." மேற்பார்வையாளர் அப்படித்தான் சொன்னார். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வார்த்தையில்தான் அம்மா உயிரோடிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

பயணிகள் ஏறிக் கதவு மூடியதும் மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் துடைப்பான் அடித்து ஓட, எதிரே மழைக்கோட்டு போட்ட மேற்பார்வையாளர் வந்து நின்று கையை உயர்த்தினார். மூக்குச் சக்கரத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. மூன்று ரிப்பன்களும் நனைந்து தொங்கின.

அவருக்குப் பின்னால், இறக்கை ஓரமாக, இன்னொரு ஆளும் கையை உயர்த்திக்கொண்டு நின்றான். மழையில் முகம் தெரியவில்லை. உயர்த்திய கை வெறுங்கையாக இருந்தது.

யாரோ புது ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கட்டைவிரலை உயர்த்தினாள்.

ஓடுபாதையில் கிழவி முரண்டு பிடிக்கவில்லை. குலுங்கிக் குலுங்கி ஓடி, தரையை விட்டுக் கிளம்பினாள். "கியர் மேலே" என்றார் கேப்டன். சக்கரங்களை மடக்க அவள் லீவரை மேலே தூக்கினாள். அடியில் வழக்கமான உறுமல் கேட்டது. மூக்குச் சக்கரத்தின் விளக்கு அணைந்தது. இடப்பக்க விளக்கும் அணைந்தது.

வலப்பக்க விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது.

அத்தோடு அடியில் ஒரு சத்தம். இரும்பு இரும்போடு மோதுகிற சத்தம் இல்லை. கதவு எதன் மேலோ போய் முட்டி நின்ற சத்தம்.

"பாதியில மாட்டிக்கிச்சு" என்றார் கேப்டன். குரலில் பதற்றம் இல்லை. "பரவாயில்ல. கீழ இறக்கிட்டுத் திரும்பப் போயிடலாம். லீவரைக் கீழ தள்ளு."

தள்ளினாள். மூக்குச் சக்கரம் இறங்கிப் பச்சை காட்டியது. இடது இறங்கிப் பச்சை காட்டியது. வலது சிவப்பிலேயே நின்றது. அவசரத்துக்கென்று தரைப் பலகையில் ஒரு கைப்பிடி உண்டு; அதை இழுத்தால் சக்கரம் தன் பாரத்தாலேயே விழ வேண்டும். இழுத்துப் பார்த்தார்கள். விழவில்லை. கேப்டன் கட்டுப்பாட்டு டவரோடு பேசினார். பாரம் குறைய எரிபொருள் தீரும்வரை விமான நிலையத்துக்கு மேலேயே வட்டமடிக்கச் சொன்னார்கள்; சுற்றிச் சுற்றி வந்தார்கள். தீயணைப்பு வண்டிகள் ஓடுபாதை ஓரம் வந்து நிற்பது மேகத்தின் சந்தில் தெரிந்தது.

அப்போதுதான் அந்த ஹாரன் அடித்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஹாரனைத் தரையில்தான் கேட்டிருக்கிறார்கள். கீழே சக்கரத்தருகே நிற்கும் மெக்கானிக் விமானியோடு பேச விரும்பினால் அங்கிருக்கும் பொத்தானை அழுத்துவான், மேலே ஹாரன் அடிக்கும், நீல விளக்கு எரியும். வானத்தில் அதை அழுத்த யார் இருக்கிறார்கள்?

நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"மழைத்தண்ணி ஒயர்ல இறங்கியிருக்கும்" என்றார் கேப்டன்.

"இருக்கும் சார்" என்றாள் அவள். ஆனால் விமானி அறைக்குள் மசகெண்ணெய் வாசனை வந்துவிட்டிருந்தது. அதோடு கலந்து மலிவான ஒரு சோப்பின் வாசனையும் வந்தது. கைக்கறை போக அதைப் போட்டுத்தான் தேய்ப்பான் குட்டி. எவ்வளவு தேய்த்தாலும் கறை போகாது, வாசனைதான் சேரும்.

"போய்ப் பாத்துட்டு வந்துடு" என்றார் கேப்டன். "கால் எந்த நிலையில இருக்குன்னு தெரிஞ்சாத்தான் மேற்கொண்டு யோசிக்க முடியும்."

பழைய விமானங்களில் அதற்கு ஒரு வழி உண்டு. பயணிகள் நடக்கும் பாதையின் நடுவில், கம்பளத்துக்கு அடியில், உள்ளங்கை அகலத்துக்கு மூடி போட்ட ஒரு கண்ணாடி பதித்திருப்பார்கள். அதன் வழியே பார்த்தால் சக்கரக் குழி தெரியும். காலின் பூட்டில் வரைந்த இரண்டு சிவப்புக் கோடுகளும் நேராகச் சேர்ந்திருந்தால் சக்கரம் சரியாக இறங்கியிருக்கிறது என்று பொருள். குழிக்குள் ஒரு சின்ன விளக்கும் எரியும்.

பணிப்பெண்களின் தலைவியை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பயணிகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக நடத்தும் பெண்மணி. டீச்சர் ஏற்கெனவே எல்லோரையும் அதட்டி உட்கார வைத்திருந்தாள். இருவரும் மண்டியிட்டுக் கம்பளத்தை உரித்தார்கள். பக்கத்து இருக்கையில் கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்திருந்த ஒரு பெண், "ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்டாள். "ஒண்ணும் ஆகாது. குழந்தையை இறுக்கப் பிடிச்சுக்கோங்க" என்றாள் டீச்சர். ஒன்றும் ஆகாது என்றால் எதற்கு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று அந்தப் பெண் கேட்கவில்லை.

மூடியைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. அவள் குனிந்து கண்ணை வைத்தாள்.

மஞ்சள் வெளிச்சம். பாதி மடங்கித் தொங்கும் கால். பாதி மூடிய கதவு. கதவின் இடுக்கில் மேகம் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புக் கோடுகளைத் தேடினாள். ஒரு கோடு தெரிந்தது. இன்னொன்றை ஏதோ மறைத்துக்கொண்டிருந்தது.

விரல்கள்.

பூட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது. எண்ணெய் படிந்த கை. கட்டைவிரலில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அந்த டேப்பைச் சுற்றிவிட்டது அவள்தான். கடைசி நாள் காலையில், சமையலறையில், விரலைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றவனுக்கு, "வயசுதான் ஏறுது" என்று திட்டிக்கொண்டே சுற்றிவிட்டாள்.

இருட்டிலிருந்து இன்னொரு கை மெல்ல மேலே வந்தது. கண்ணாடியின் மறுபக்கத்தைத் தட்டியது.

டக். டக்.

"என்ன தெரியுது?" என்று காதருகே கிசுகிசுத்தாள் டீச்சர்.

"கால் மாட்டியிருக்கு" என்றாள் அவள். மூடியைப் போட்டு மூடினாள். எழுந்து முன்பக்கம் நடந்தாள். அவள் போகும் வழியெல்லாம் பாதங்களுக்கு அடியில் அந்தத் தட்டலும் கூடவே வந்தது.

விமானி அறையில் கேப்டன் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். நீல விளக்கு இன்னும் எரிந்தது. அவளுடைய ஹெட்செட்டை எடுத்து நீட்டினார். "நீ கேளு. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சான்னு சொல்லு."

காதில் வைத்தாள். முதலில் காற்றின் இரைச்சல்தான் கேட்டது. அப்புறம் யாரோ மூச்சு வாங்கும் சத்தம்.

"அக்கா… லீவரைத் தொடாதே. நான் உள்ள இருக்கேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எவ்வளவு நேரமாத் தட்டறேன்கா. யாருமே வரல. கதவு இடுப்புக்கிட்ட வந்துடுச்சு. நான்தான் பூட்டைப் பிடிச்சு நிறுத்தி வெச்சிருக்கேன். கை வலிக்குது. யாரையாவது வரச் சொல்லேன்."

ஒரே நொடி என்றார்களே. தெரிந்தே இருக்காது என்றார்களே. அம்மாவிடம் தினமும் அதைத்தானே சொன்னாள். இந்தப் பிள்ளை அந்த இருட்டில் எவ்வளவு நேரம் தட்டிக்கொண்டிருந்தானோ! பக்கத்தில் என்ஜின் இரைச்சலில் ஒருவர் காதிலும் விழாமல், அக்கா அக்கா என்று எத்தனை தரம் கூப்பிட்டானோ! அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "குட்டி… டேய் குட்டி" என்றாள்.

"அழாத ம்மா. இப்ப அழ நேரமில்ல" என்றார் கேப்டன். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. எரிபொருள்மானியைக் காட்டினார். முள் கீழே இறங்கிவிட்டிருந்தது. மேற்கே மேகம் கறுத்துத் திரண்டு, ஓடுபாதையை ஒரு ஓரத்திலிருந்து மறைத்துக்கொண்டு வந்தது. "ஒத்தைக் கால் இல்லாம இறக்கினா, இந்த மழையில, இந்த ஈரத்துல, சாஞ்சு உருண்டுடும். றெக்கையில இன்னும் கொஞ்சம் எரிபொருள் இருக்கு. பத்திக்கும். பின்னாடி அத்தனை பேர் இருக்காங்க."

"தெரியும் சார்."

"ஒரே வழிதான் இருக்கு. லீவரை மேல தூக்கினா கதவு முழுசா மூடும், மாட்டியிருக்கிற கால் விடுபடும். அப்புறம் கீழ தள்ளினா இறங்கிடும். நீ போயிருந்தப்ப நாலு தரம் தூக்கிப் பாத்துட்டேன். அசைய மாட்டேங்குது. யாரோ அந்தப் பக்கத்துலேர்ந்து பிடிச்சுக்கிட்டிருக்காங்க."

யாரோ என்று அவர் சொன்னதற்காக அவளுக்கு அவர் மேல் நன்றி உண்டாயிற்று.

"குட்டி" என்றாள் ஹெட்செட்டில், குரலைச் சமாளித்துக்கொண்டு. "பூட்டை விட்டுடுடா. வெளிய வந்துடு."

"எப்படிக்கா விடறது? பின்னைக் காட்டாம விட்டா கதவு மூடிடுமே." பள்ளிக்கூடத்துப் பாடத்தை ஒப்பிக்கும் குரலில் சொன்னான். "என் பின்னு பையில இருந்துச்சு. இப்பக் காணோம். தேடித் தேடிப் பாத்துட்டேன். யார்கிட்ட இருக்கோ அவங்க காட்டணும். காட்டினா எல்லாம் சரியாயிடுச்சுன்னு அர்த்தம். நான் விட்டுடுவேன்."

அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். இருக்கைக்குப் பின்னால் அவளுடைய பை சாய்ந்து கிடந்தது. கைப்பிடியில் சிவப்பு ரிப்பன்.

கேப்டனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் சார்" என்றாள். "அவன் உள்ள இருக்கான்."

"இல்ல ம்மா. அவன் இல்ல. நாம அவனை அனுப்பி வெச்சாச்சு. கடைசிக் காரியத்துக்கு நானும் வந்திருந்தேன்."

"நீங்களும்தானே கேட்டீங்க? கதவு இடுப்புக்கிட்ட இருக்குங்கறான். நான் பின்னைக் காட்டினா நம்பிடுவான் சார். என்னன்னு கேக்காம நம்பிடுவான். சின்ன வயசுலேர்ந்தே நான் சொன்னா நம்பிடுவான்!"

விமானி அறைக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் கைக்குழந்தை வீறிட்டு அழும் சத்தம் வந்தது. யாரோ சத்தமாகப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார்கள். எரிபொருள் எச்சரிக்கை விளக்கு ஒரு தரம் கண் சிமிட்டி, பிறகு அணையாமல் எரிந்தது.

"என்னால உன்னை இதைச் செய்யச் சொல்ல முடியாது" என்றார் அவர். "சொல்லவும் மாட்டேன். ஆனா எனக்கு வேற வழி தெரியல ம்மா. சத்தியமாத் தெரியல."

அவள் ரிப்பனின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். இறுகிப்போன முடிச்சு அவிழ மறுத்தது. பல்லால் கடித்து இழுத்தாள்.

மறுபடியும் போய்க் கண்ணாடியின் மூடியை அவள் திறந்தபோது கை அங்கேயே இருந்தது. பூட்டைப் பிடித்தபடி. இப்போது அதற்குப் பின்னால், வெளிச்சம் எட்டாத இடத்தில், ஒரு முகமும் மேல்நோக்கித் திரும்பியிருந்தது. கண்கள் மட்டும் தெரிந்தன. வீட்டுக் கதவைத் திறந்துவிட யார் வருகிறார்கள் என்று பார்ப்பவனின் கண்கள்.

அவள் பின்னை எடுத்துக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தாள். ரிப்பனை அவனுக்குத் தெரியும்படி நீட்டினாள். அவள் கண்ணீர் கண்ணாடி மேல் சொட்டியது. அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் காட்டினாள்.

அந்தக் கண்கள் சிரித்தன.

கை பூட்டை விட்டது. கறுப்பு டேப் சுற்றிய கட்டைவிரல் உயர்ந்தது.

"இப்ப" என்றாள் அவள் டீச்சரிடம். டீச்சர் ஏற்கெனவே இன்டர்காமைக் கையில் வைத்திருந்தாள். "இப்ப லீவரைத் தூக்கச் சொல்லு."

மண்டியிட்ட முழங்கால்கள் வழியாகத்தான் அவள் அதை உணர்ந்தாள். கதவு நகர்ந்தது. எதன் மேலோ முட்டியது. நிற்கவில்லை. மேலும் நகர்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை ஒரு தரம் விரிந்து, கண்ணாடி முழுவதையும் மறைத்து, அழுந்தியது.

பிறகு வழுக்கிக்கொண்டு கீழே போனது.

கதவு மூடி, திறந்தது. கனத்த கால் தடாலென்று விழுந்து பூட்டிக்கொண்டது. கண்ணாடியில் இரண்டு சிவப்புக் கோடுகளும் நேராகச் சேர்ந்து நின்றன. குழியில் யாரும் இல்லை. "மூணும் பச்சைன்னு கேப்டன் சொல்றார்!" என்று கத்தினாள் டீச்சர். முன்வரிசையில் கைதட்டல் தொடங்கிப் பின்வரிசை வரைக்கும் பரவியது. கைக்குழந்தைக்காரி அவள் தோளைத் தொட்டு, "நீங்க நல்லா இருக்கணும்" என்றாள்.

அவள் விமானி அறைக்குத் திரும்பி, இருக்கையில் உட்கார்ந்து, ஹெட்செட்டுக்காகக் கையை நீட்டினாள். கேப்டன் அதை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அவருடையதையும் கழற்றிப் போட்டிருந்தார்.

"ஸ்பீக்கர்ல பேசிக்கலாம்" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஹெட்செட் வேணாம் ம்மா. நீ அதைப் போட்டுக்காதே."

கதவு மூடியபோது அவர் காதில் என்ன விழுந்தது என்று அவள் கேட்கவில்லை.

சக்கரங்கள் மூன்றும் ஒழுங்காகத் தரையைத் தொட்டன. ஒரு கீறல் இல்லை. தீயணைப்பு வண்டிகள் சும்மா பின்னாலேயே ஓடி வந்தன. பயணிகள் இறங்கும்போது கேப்டனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார், ஒரு கிண்டல் வார்த்தை வரவில்லை. கடைசி ஆள் இறங்கியதும் அவரும் சட்டென்று இறங்கிப் போய்விட்டார்.

மேற்பார்வையாளர் மழையில் டார்ச்சோடு வந்து குழிக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு விமானி அறையின் பக்க ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, "ஒண்ணுமே இல்லம்மா! எல்லாம் சுத்தமா இருக்கு. ஏன் மாட்டிச்சுன்னே தெரியல" என்று குரல் கொடுத்தார். அவரை நிமிர்ந்து பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. அவரும் நானும் இப்போது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டாள். அவர் தெரியாமல் காட்டினார், நான் தெரிந்தே காட்டினேன். அந்த வித்தியாசத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

மின்சாரத்தை முழுக்க அணைத்தார்கள். விசிறிகளின் இரைச்சல் நின்றது. கருவிகள் எல்லாம் கண் மூடின. கண்ணாடியில் மழை விழும் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. எழுந்து போக வேண்டும் என்று தெரிந்தும் அவள் உட்கார்ந்தே இருந்தாள். பின் இன்னும் கையில்தான் இருந்தது. ரிப்பனில் எண்ணெய் படிந்த கட்டைவிரல் ரேகை ஒன்று பதிந்திருந்தது. தன்னுடையதாக இருக்கும் என்று தன் விரலை வைத்துப் பார்த்தாள். ரேகை பெரிதாக இருந்தது.

செல்போன் அடித்தது. அம்மா.

"டிவியில என்னவோ சொல்றாங்களேடி! உன் விமானமாடி? உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணுமில்லம்மா. சக்கரம் கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. சரியாயிடுச்சு. நான் நல்லா இருக்கேன்."

அம்மா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எந்த விமானம்?" என்று கேட்டாள். அவள் பதில் சொல்லாததிலிருந்தே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அதுவா…" என்றாள். "ஏன்டி, அவனுக்கு வலிச்சிருக்குமாடி?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் குரலைச் சமன்படுத்தினாள்.

"இல்லம்மா. ஒரே நொடிதான். அவனுக்குத் தெரிஞ்சே இருக்காது."

மின்சாரம் அணைந்த அந்த விமானத்தில் ஹாரன் அடித்தது.

நீல விளக்கு எரிந்தது. கேப்டனின் இருக்கையில் கிடந்த ஹெட்செட்டிலிருந்து, சின்னதாக, ஆனால் தெளிவாக, மூச்சு வாங்கும் சத்தம் வந்தது. அவள் செல்போனை நெஞ்சோடு அழுத்திப் பொத்தினாள். பொத்தியும் பயனில்லை. அந்தக் குரல் இப்போது செல்போனுக்குள்ளிருந்தும் வந்தது.

மறுமுனையில் அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருடி அது பக்கத்துல?" என்றாள் அம்மா. குரல் தடுமாறியது. "குட்டி குரல் மாதிரியே இருக்கே… அடியே, என்னடி சொல்றான் அவன்? 'நான் உள்ள இருக்கறப்ப ஏன்கா காட்டினே?'ன்னு கேக்கறானே, எதைடி காட்டினே?"